மடியில் ஒரு மஞ்சள் பை

கடலூரில் ஏறியதிலிருந்து பக்கத்து சீட்டில் பேசாமல் இருந்த மனிதர், ஆலப்பாக்கம் நெருங்கியதும் சட்டென்று எழுந்து குரல் கொடுக்கிறார். "ஆலப்பாக்கம் எறங்குறவங்க முன்னாடி வாங்க!"

பஸ்ஸே திரும்பிப் பார்க்கிறது. கண்டக்டர் சிரிக்கிறார்.

"பதினாறு வருசம் இந்த ரூட்ல கண்டக்டர் சார். நேத்தோட நின்னுட்டேன்," என்று கூச்சத்துடன் உட்காருகிறார். "கர்த்தர் கூப்புட்டாரு, ஊழியத்துக்குப் போறேன். சிதம்பரத்துல வேற வண்டி புடிச்சு பைபிள் காலேஜ் போவணும்."

தேவையில்லாத கேள்விதான், கேட்டுவிடுகிறேன். "வீட்ல ஒத்துக்கிட்டாங்களா?"

"பத்து நாளா வீட்டுக்காரம்மா எங்கிட்ட பேசல. காலையில புளிச்சோறு மட்டும் கட்டி வச்சிருந்தாங்க." மடியிலிருக்கும் மஞ்சள் பையைத் தொட்டுக்கொள்கிறார்.

சிதம்பரத்தில் எல்லோரும் இறங்குகிறார்கள். அவர் பையை என்னிடம் கொடுத்துவிட்டு, யாராவது எதையாவது மறந்துவிட்டார்களா என்று ஒவ்வொரு சீட்டாகக் குனிந்து பார்க்கிறார். பதினாறு வருடப் பழக்கம். பிறகு மேலே வைத்திருந்த தன் பெட்டியை எடுத்துக்கொண்டு இறங்கி, கூட்டத்துக்குள் போய்விடுகிறார்.

பை என் கையில் இருக்கிறது. ஓடிப்போய்க் கொடுக்கிறேன். முகம் வெளிறி, இரண்டு கையாலும் வாங்குகிறார்.

"எல்லாத்தையும் வுட்டுட்டு வான்னுதான் சொன்னாரு சார். இத வுடச் சொல்லல."