விசிறிக்குள் குங்குமம்

கணேசன் பெயரைக் கேட்டாலே சுசித்ராவுக்கு வயிறு எரியும். இரண்டு வருடமாக எரிகிறது. அதை அணைக்க அவள் ஒருநாளும் முயன்றதில்லை. அவனுக்கு ஐம்பத்தெட்டு வயது, மரியாதையாக ‘அவர்’ என்றுதான் எழுத வேண்டும். ஆனால் அவள் மனசுக்குள் அந்த மரியாதை எப்போதோ தீர்ந்துபோனதால் இங்கேயும் ‘அவன்’தான்.

சுசித்ரா, கர்நாடகத்து ஹனூர் பக்கத்துத் தமிழ் விவசாயக் குடும்பத்துப் பெண். மைசூரில் டிப்ளமோ முடித்து, அங்கேயே தேவராஜ மொஹல்லா பகுதியில் கணேசனின் கம்ப்யூட்டர் கடையில் ஒன்பது வருடம் ஸ்க்ரூடிரைவர் பிடித்தாள். சினிமா பார்ப்பதற்கென்றே பெரிய டிவியோடு இணைத்து வைக்கிற கம்ப்யூட்டர்களைக் கட்டுவதில் அவளை அடித்துக்கொள்ள அந்தத் தெருவில் ஆள் இல்லை. படம் திக்கினாலும் சத்தம் முந்தினாலும், “சுசித்ராவைக் கூப்பிடு” என்பதுதான் முதல் பேச்சு.

அந்தப் பேச்சு ஓர் ஆயுத பூஜையோடு நின்றுபோனது. வக்கீல் லிங்கப்பனுக்காக ஒரு கம்ப்யூட்டர் பெட்டியைக் கட்டி, நாள் முழுக்கப் படம் ஓட்டிப் பார்த்து, கடையில் வைத்துவிட்டுப் பூஜைக்கு ஊருக்குப் போனாள். அவள் திரும்புவதற்குள் அந்தப் பெட்டி வக்கீல் வீட்டுக்குப் போய், பத்தே நிமிடத்தில் திக்க ஆரம்பித்திருந்தது. வக்கீல் கடைக்கு வந்து கத்தினார். கணேசன் வாசலில் நின்று, அக்கம்பக்கத்துக் கடைகளுக்கெல்லாம் கேட்கும்படி சொன்னான்: “நல்ல கிராஃபிக்ஸ் கார்டை உருவிட்டுப் பழசைச் சொருகியிருக்கா, திருடி!”

வக்கீலுக்குப் புதுப் பெட்டி போனது. பழையதைத் தொட்டுப் பார்க்கக்கூட அவளை விடவில்லை. அதன் பிறகு ஒரு கடையும் அவளுக்கு வேலை தரவில்லை. அதே ஊரில் அக்ரஹாரம் பகுதியில் ஒரு சின்ன அறை எடுத்து மொபைல் கவரும் சார்ஜர் வயரும் விற்றாள். எப்போதாவது யாராவது சர்வீசுக்குக் கூப்பிட்டால், பீரோவைப் பூட்டிவிட்டுத்தான் கதவைத் திறந்தார்கள். பூட்டுகிற சத்தம் வாசலில் நிற்கிற அவளுக்கு நன்றாகவே கேட்கும்.

தீபாவளிக்கு முந்தின நாள் காலை கணேசனின் மனைவி நஞ்சம்மா ஃபோன் செய்தாள்.

“சுசி, கோச்சுக்காதே. எங்க ரூபாவுக்கு இது தலை தீபாவளி. பதினொரு மணிக்கு சம்பந்தி வீட்டுக்காரங்க வர்றாங்க. கல்யாண வீடியோவைப் போட்டா திக்குது. மூணு பேர் பார்த்துட்டாங்க, ஆகலை. அவருக்குத் தெரியாம கூப்பிடறேன்.”

ஸ்கூட்டரில் போகும்போதெல்லாம் அவளுக்கு ஒரே யோசனைதான். வீடியோவை அழித்துவிடலாமா? பெட்டியையே தீர்த்துவிடலாமா? நினைக்க நினைக்க இனித்தது. ஆனால் அதில் எதைச் செய்தாலும் கணேசன் அன்றைக்குச் சொன்னது நிஜமாகிவிடும். அவளுக்கு வேண்டியது வேறு. திருடி என்று சொன்ன அதே வாய் இல்லை என்று சொல்ல வேண்டும், நாலு பேர் முன்னால்.

கதவைத் திறந்த கணேசனின் முகம் சுருங்கியது. “நீயா? யார் கூப்பிட்டது?”

“நான்தான்,” என்றாள் நஞ்சம்மா. “வழி விடுங்க.”

சுசித்ரா வீடியோவை ஓடவிட்டு, பெட்டியின் சூடு எவ்வளவு என்பதையும் திரையின் ஓரத்தில் தெரிய வைத்தாள். முன்னால் வந்த மூவரும் வயரை மாற்றியிருந்தார்கள், பிளேயரை மாற்றியிருந்தார்கள், விண்டோஸையே அழித்துத் திரும்பப் போட்டிருந்தார்கள். ஒன்பது நிமிடம் படம் ஒழுங்காக ஓடியது. சூடு தொண்ணூற்றேழு டிகிரியைத் தொட்டதும் மாப்பிள்ளை தாலியைத் தூக்கிப் பிடித்தபடி அப்படியே நின்றுவிட்டார். கெட்டிமேளம் மட்டும் விடாமல் முழங்கியது.

“சூட்டுலதான் திக்குதுங்க. பெட்டியைத் தொறக்கோணும்.”

“ஆயுத பூஜை போட்ட பெட்டி. கார்த்திகை தீபம் வரைக்கும் திறக்கக் கூடாது,” என்றான் கணேசன். “வந்தவங்க யாரையும் நான் திறக்க விடலை.”

நஞ்சம்மா அவனை ஒரு பார்வை பார்த்தாள். சுசித்ரா மூடியைக் கழற்றினாள்.

உள்ளே விசிறியின் நடுவில் சந்தனமும் குங்குமமும் அப்பியிருந்தன. அதன் அடியில் இருந்த, சூடு தணிக்கும் தகடுகளின் இடுக்கெல்லாம் குங்குமமும் தூசியும் சேர்ந்து சேறாக அடைத்திருந்தது. காய்ந்த செவ்வந்திச் சரத்தின் நூல் விசிறியின் அச்சில் சுற்றிக் கிடந்தது.

“யாருங்க்கா இதை உள்ளார வெச்சது?”

“இவருதான். வெளியில பொட்டு வெச்சா பத்தாது, உள்ள சுத்தற பாகத்துக்கு வைக்கணும்னு ஒரு ஜோசியர் சொன்னாராம். ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி ஆயுத பூஜைக்கு ஆரம்பிச்சாரு. அப்போ கடையில இருந்த அத்தனை பெட்டியையும் திறந்து இவரே கையால வெச்சாரு.”

சுசித்ராவின் கை நின்றது. அவள் ஊருக்குப் போயிருந்த அந்தப் பூஜை.

“வக்கீல் சார் பெட்டிக்குமுங்களா?”

“எல்லாத்துக்கும்தான்,” என்றான் கணேசன்.

“அந்தப் பழைய பெட்டியை அப்பறம் தொறந்து பாத்தீங்களா?”

“பார்த்தேன்,” என்றான் மெல்ல. “அதுக்குள்ள நீ போயிட்டே. ஜோசியர் சொன்னதை விடவும் எனக்குத் தைரியம் வரலை.”

தெரிந்திருக்கிறது. இரண்டு வருடமும் தெரிந்தே இருந்திருக்கிறான்! அவளுக்குக் கையிலிருந்த ஸ்க்ரூடிரைவரை எங்காவது ஓங்கிக் குத்த வேண்டும் போலிருந்தது. குத்தவில்லை. அப்போது மணி பத்து. சுத்தம் செய்ய அரைமணி போதும். ஆனால் அவள் பெட்டிக்குப் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, நஞ்சம்மா கொடுத்த காபியைச் சாவகாசமாகக் குடித்தாள்.

பதினொரு மணிக்குச் சம்பந்தி வீட்டார் எட்டுப் பேர் வந்து சோபாவில் அமர்ந்தார்கள். பட்டுப்புடவையில் ரூபா வந்து நின்றதைப் பார்த்தபோது சுசித்ராவின் மனசு ஒரு நொடி தயங்கியது. அந்த ஒரு நொடியோடு சரி.

கணேசன் குனிந்து கிசுகிசுத்தான். “ஸ்வல்ப சீக்கிரம் முடிம்மா. மானம் போகுது.”

“எனக்குப் போயி ரெண்டு வருசம் ஆச்சுங்க.” அவள் குரலைத் தாழ்த்தவில்லை. “வக்கீல் சாருக்கு ஃபோன் போடுங்க. ஸ்பீக்கர்ல.”

அவன் மனைவியைப் பார்த்தான். நஞ்சம்மா அவனுடைய ஃபோனை எடுத்து அவன் கையிலேயே வைத்தாள்.

“சார், நமஸ்காரம்,” என்று ஆரம்பித்தான். “அந்தப் பழைய பெட்டி விஷயம்... ஒரு சின்ன மிஸ்டேக்...”

“சின்ன மிஸ்டேக்னு அன்னிக்கு நீங்க சொல்லலைங்க. சொன்ன வார்த்தையை எடுத்துச் சொல்லுங்க.”

கணேசன் ஃபோனை வாய்க்கு நெருக்கிப் பிடித்தான்.

“சுசித்ரா திருடலை சார். கார்டு மாறவே இல்லை. பூஜைக்கு நான் உள்ளே வெச்ச குங்குமம்தான் விசிறியை அடைச்சது. அப்புறம் தெரிஞ்சும் நான் சொல்லலை.”

லிங்கப்பன் கேட்டார்: “அந்தப் பொண்ணு இப்ப என்ன பண்ணுது?”

சுசித்ரா ஃபோன் பக்கம் குனிந்தாள்.

“சார்ஜர் வயர் விக்கறனுங்க சார்,” என்றாள் சுசித்ரா.

பிறகுதான் வேலையைத் தொடங்கினாள். பூ நூலை அறுத்தெடுத்தாள். பிரஷ்ஷால் சுரண்டி, ஊதி, சூடு கடத்தும் புதுப் பசை தடவி மூடினாள். படம் ஓடியது, தாலி தடங்கலில்லாமல் ஏறியது. சூடு அறுபதைத் தாண்டவில்லை. ஆனால் சோபாவில் இருந்தவர்களில் பாதிப் பேர் படத்தைப் பார்க்காமல் கணேசனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

கேட் வரைக்கும் கணேசன் பின்னாலேயே வந்தான்.

“சொல்லிட்டேன்ல சுசி. ஆய்த்து, முடிஞ்சது, மறந்துடு. கடைக்குத் திரும்பி வந்துடு.”

அவள் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டாள். “நீங்க என்னைத் திருடின்னது கடை வாசல்லீங்க. சாயந்திரம் ஆறு மணிக்கு நான் அங்க வந்து நிப்பேன். இப்ப சொன்னதை அங்கேயும் ஒருக்காச் சொல்லிப்போடுங்க.”

“இன்னிக்கா? தீபாவளிக் கூட்டம்மா. தெருவே நிறைஞ்சிருக்கும்.”

“தெரியுமுங்க,” என்றாள் சுசித்ரா. “அதனாலதான் இன்னிக்கு.”