இரும் என்றால் உட்கார்

எனக்கு எழுபத்தெட்டு வயது. ஐந்து பேரை வளர்த்தேன். மூன்று நான் பெற்றது, இரண்டு என் தங்கை விட்டுப்போனது. ஐவரும் நன்றாக இருக்கிறார்கள். அதிகம் படிக்காதவள், ஆனபடியால் ஆறுதலாக, மெல்ல மெல்லத்தான் எழுதுவேன்.

யூனிவர்சிட்டியில் படிக்கும் பேத்தி போன கிழமை எங்கள் லின்ஃபீல்ட் வீட்டுக்கு வந்து, சாப்பாட்டு மேசையில் புத்தகத்தை விரித்தாள். இருநூறு வருடங்களுக்கும் முன்னால் ஐரோப்பாவில் ஒரு மந்திரி இருந்தாராம். ராசாவின் சுரங்கங்கள் அவர் பொறுப்பு. கையெழுத்துப் போடுவதோடு நிற்காமல், தானே போய்ப் பார்ப்பாராம். வேலையாள் காயப்பட்டால் வைத்தியம், செத்தால் பெண்சாதி பிள்ளைகளுக்கு உதவி என்று ஒழுங்கு செய்தாராம்.

"இப்பிடியான ஆக்களாலதான் அம்மம்மா, வேலையாக்களுக்கு நன்மையெல்லாம் வந்தது."

"ஓம், நல்ல மனிசன். அவருக்கு ஆர் சொன்னது?"

"என்னத்தை?"

"நோகுது எண்டு."

அது புத்தகத்தில் இல்லையாம். சுரங்கத்தைப் பற்றி எனக்குத் தெரியாது. தெரிந்ததை எழுதுகிறேன்.

இந்த நாட்டுக்கு வந்த பிறகு நியூ லின் பக்கம் ஒரு சலவைத் தொழிற்சாலையில் ஆஸ்பத்திரி விரிப்புகள் மடித்தேன். சீமெந்துத் தரை, நாள் முழுக்க நிற்க வேண்டும். பக்கத்தில் நின்றவள் தமிழ்நாட்டுப் பெண். புருஷன் படிக்கிறான், ரென்ட் இவள் உழைப்பில். வயிற்றில் பிள்ளை. தெரிந்தால் வேலையை நிறுத்திவிடுவார்கள் என்று பயந்து, பெரிய ஏப்ரனுக்குள் மறைத்துக்கொண்டு நின்றாள். கால் இரண்டும் வீங்கியிருந்ததை நான் மட்டும் கண்டேன்.

ஒருநாள் சூப்பர்வைசர் என்னிடம், "உனக்கு உட்காரக் கதிரை வேண்டாம்தானே?" என்று ஆங்கிலத்தில் கேட்டாள். ஓம், வேண்டாம் என்று நினைத்து "யெஸ்" என்றேன். அவள் போய் ஒரு கதிரையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். ஆங்கிலத்தில் அதற்கு "நோ" என்று சொல்ல வேண்டுமாம். எனக்குக் கதிரை எதற்கு? நான் நின்று பழகியவள். அதை அந்தத் தமிழ்நாட்டுப் பெண் பக்கம் தள்ளினேன்.

"இரும் பிள்ளை."

"இருக்கேன்க்கா. எங்கயும் போகல."

"கதிரையில இரும்."

"குதிரையா? இந்த வயித்த வச்சிக்கிட்டா?"

அவர்கள் ஊரில் இரு என்றால் பொறு என்று அர்த்தமாம், கதிரைக்கு நாற்காலி என்பார்களாம். தோளைப் பிடித்து அமர்த்திவிட்டேன். தலையணை உறைகளை மடியில் போட்டு மடித்தாள். கை எப்போதும்போல ஓடியது.

முதலாளி மாடியில் இருப்பவர், கீழே வருவது குறைவு. அன்றைக்கென்று இறங்கி வந்தார். இருக்கிற பெண்ணையும் நிற்கிற கிழவியையும் பார்த்தார். இவள் முகம் வெளிறிப்போனது.

"அக்கா, போச்சு. நாளையிலேருந்து வீட்லதான்."

"பேசாமல் உறையை மடியும்."

பெரிய விரிப்பை மடிக்க இரண்டு பேர் வேண்டும். ஒரு முனையை எடுத்து முதலாளியிடம் நீட்டினேன். என்ன நினைத்தாரோ, வாங்கிக்கொண்டார். ஒன்று மடித்தோம், இன்னொன்று, பிறகு இன்னொன்று. விரிப்புகள் வந்த வண்டி வெறுமையானபோது இடுப்பைப் பிடித்துக்கொண்டுதான் நிமிர்ந்தார். வெட்கப்பட்டுச் சிரித்தார். அப்போதுதான் அவளுடைய வயிற்றைப் பார்த்தார்.

அவள் எழும்பப் பார்த்தாள். "ஸிட், ஸிட்," என்றார்.

டக்கென்று இருந்துவிட்டாள்.

"அவர் சொன்னா மட்டும் விளங்குது," என்றேன்.

"அவர் தமிழ் பரவாயில்லக்கா," என்றாள். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள்.

அடுத்த கிழமை மடிக்கிற மேசையடியில் கதிரைகள் வந்தன. பிள்ளை பெறப் போகும்வரை அவளை யாரும் நிறுத்தவில்லை, வேலையும் குறையவில்லை. முதலாளி நல்ல மனிதர், அதை நான் எங்கும் சொல்வேன். ஆனால் அவள் அவர் கண்ணுக்கு முன்னால், பயத்தோடு பயமாகக் கதிரையில் இருந்தாளே, அதையும் எழுத வேண்டும். அந்த மந்திரி போன இடத்திலும், நோகுது என்று அவருக்குக் காட்ட அப்படி ஒருத்தர் இருந்திருப்பார்.

பேத்திப் பிள்ளை, இதை எனக்கு ஒருக்கா வாசித்துக் காட்டு. அந்தத் தமிழ்நாட்டுப் பெண் கதைக்கிற இடங்களை அவள் ஊர்க்காரரைப்போலவே இழுத்து வாசி.