ஏழு மில்லிமீட்டர்

மோதிரத்தின் உள்சுற்று ஐம்பத்து நான்கு மில்லிமீட்டர். அதைப் போட்டிருந்த விரல் இப்போது அறுபத்தொன்று. இடையில் இருக்கும் ஏழு மில்லிமீட்டருக்காகத்தான், அறுபதைத் தாண்டிய ஏ.சி. மெக்கானிக் ஒருவர் ஒரு சனிக்கிழமை காலையில் இஸ்திரி போட்ட சட்டையும் படிய வாரிய தலையுமாக, கல்லும் நகையும் செய்து பழகும் வார இறுதி வகுப்புக்குப் போய்க் கதவைத் தட்டினார். சட்டைப் பையில் மருந்துக் கடை உறை ஒன்று. அதற்குள் அறுபட்ட மோதிரம்.

மோதிரம் மனைவியுடையது. அவர் வாங்கிக் கொடுத்ததல்ல. மனைவி பரிசோதனைக் கூடத்தில் ரத்தம் எடுக்கும் வேலையில் சேர்ந்த புதிதில், கல்யாணப் பேச்சே எழாத காலத்தில், தன் சம்பளத்தில் தானே கடைக்குப் போய்ப் பொறுக்கி எடுத்தது. மெல்லிய தங்க வளையம்; நடுவில் மாதுளை முத்து அளவில் ஒரு சிவப்புக் கல். கடைக்காரர் மாணிக்கம் என்றாராம். அந்தப் பெண் அதை நம்பவில்லை, ஆனாலும் வாங்கினார். கல் குத்திக் குத்தி ரப்பர் கையுறைகள் கிழிந்தன. கழற்றி வைக்கச் சொன்ன மேலதிகாரியிடம் சரி என்று சொல்லிவிட்டு, ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு கையுறை போட்டுக்கொண்டார். ஊசிக்குப் பயந்து அலறும் பிள்ளைகளிடம் மட்டும் கையுறை போடுமுன் விரலை நீட்டுவார். சிவப்பு எங்கே ஒளியப் போகுது பார் என்பார். பிள்ளை கையுறைக்குள் தேடிக்கொண்டிருக்கும்போதே குழாயில் ரத்தம் ஏறியிருக்கும். அக்கம்பக்கத்தில் இன்றைக்கும் அவருக்கு ஊசியக்கா என்றுதான் பெயர்.

போன வருடம் ஊசியக்கா குளியலறையில் வழுக்கி விழுந்து மணிக்கட்டு முறிந்தது. மருத்துவமனை போய்ச் சேர்வதற்குள் விரல்கள் வாழைப்பழமாக வீங்கிவிட்டன. நர்ஸ் மோதிரத்தை அறுக்கச் சின்னச் சக்கரக் கத்தியோடு வந்து தயங்கினார். அறுங்க சிஸ்டர், யோசிக்காதீங்க என்று சொன்னது ஊசியக்காதான். எலும்பு கூடியது. விரல் கணு மட்டும் தடித்தது தடித்தபடியே நின்றுவிட்டது.

அதற்குப் பிறகு மெக்கானிக் ஒன்றைக் கவனித்தார். போனில் பேசும்போது மனைவியின் கட்டைவிரல் மோதிர விரலைத் தேடிப் போகும். அங்கே ஒன்றும் இல்லை என்று தெரிந்ததும் திரும்பி வரும். கொஞ்ச நேரத்தில் மறுபடியும் போகும். சரி பண்ணிக் கொண்டுவரட்டுமா என்று இரண்டு முறை கேட்டுப் பார்த்தார். இரண்டு முறையும் 'விடுங்க' என்று பதில். மூன்றாம் முறை கேட்காமல் எடுத்துக்கொண்டு நகைக்கடைகளில் ஏறி இறங்கினார். எல்லாக் கடையிலும் ஒரே பேச்சு: தேய்ந்துபோன மோதிரம், உருக்கிவிட்டுப் புதிதாக எடுத்துக்கொள்ளுங்கள். அவர் கோபத்தோடு வீட்டுக்கு வந்து மோதிரத்தைப் பீரோவில் இருந்த இடத்திலேயே வைத்தார். வகுப்பைப் போனில் தேடிக் கண்டுபிடித்தவள் மகள்.

"நீங்கதான் நெருப்போடவே குடும்பம் நடத்துறவராச்சே அப்பா. இதுக்குப் போய் அடுத்தவன் கையை எதிர்பார்க்கணுமா?"

அது உண்மை. குளிரூட்டும் பெட்டிகளின் செப்புக் குழாய்களைச் சூடாக்கி ஒட்டுவதுதான் அவர் வாழ்நாள் வேலை. பரணிலும் மொட்டை மாடியிலும் ஏணியிலும் கோணல்மாணலாகத் தொங்கிக்கொண்டு அவர் போட்ட இணைப்புகளில் காஸ் கசிந்ததாக ஒரு புகார்கூட வந்ததில்லை. மனைவியிடம், மகளுக்கு ஏதோ செய்து பார்க்கப் போவதாகச் சொன்னார். ஓய்வெடுக்கச் சொன்னால் வளையல் அடிக்கப் போகிறாராம் என்று ஊசியக்கா சிரித்தார்.

வகுப்பு நடந்த மாடி அறையில் ஆறு மேசைகள். ஒவ்வொன்றும் அரைவட்டமாக வெட்டப்பட்டு, அடியில் மடி போலத் தோல் தொங்கியது. அராவும்போது உதிரும் தூள் தரைக்குப் போகாமல் இருக்க அந்த ஏற்பாடு. சொல்லிக்கொடுத்த டீச்சருக்கு அவர் மகளின் வயதிருக்கும். பக்கத்து மேசையில் ஒரு பல் டாக்டர். தன் நாற்பதாவது பிறந்தநாளுக்குத் தானே தோடு செய்துகொள்ள வந்த அம்மையார் அவர்.

முதல் நாள் முழுக்கக் கற்கள்தான். உருப்பெருக்கிக் கண்ணாடியைக் கண்ணோடு ஒட்டிப் பிடித்து, கல்லை அதன் அருகே கொண்டுவர வேண்டும். இரண்டு கண்ணும் திறந்திருக்க வேண்டும். மெக்கானிக்குக்கு ஒரு கண் தானாக மூடிக்கொண்டது. யாரைப் பார்த்துக் கண்ணடிக்கிறீர்கள் என்று பல் டாக்டர் கேட்டார். கண்ணாடிக் கல்லுக்குள் உருண்டை உருண்டையாகக் காற்றுக் குமிழிகள் தெரிந்தன. நிஜக் கல்லுக்குள் ஊசிகள், மூட்டம், இறகு போன்ற கீற்றுகள். உதட்டில் வைத்துப் பார்த்தால் நிஜக் கல் சில்லென்றே இருக்கும், கண்ணாடி சீக்கிரம் சூடேறிவிடும். இதைக் கேட்டதும் ஆளாளுக்குக் கற்களை முத்தமிட ஆரம்பித்தார்கள்.

பிறகு டீச்சர் ஒரு கிண்ணத் தண்ணீரில் தெர்மகோல் துண்டை மிதக்கவிட்டு, அதன் மேல் சிவப்புக் கற்களை ஒவ்வொன்றாக வைத்துக் காந்தத்தை நீட்டினார். மாணிக்கம் அசையவில்லை. கண்ணாடியும் அசையவில்லை. கார்னெட் என்ற கல் வைத்த துண்டு மட்டும் மெதுவாக, கூப்பிட்ட குரலுக்கு வரும் பூனை மாதிரி, காந்தத்தைப் பார்த்து நகர்ந்தது. மெக்கானிக் உறையைப் பிரித்து மோதிரத்தைத் தெர்மகோலில் வைத்தார். அது கொஞ்சம் யோசித்தது. பிறகு வந்தது. மாணிக்கம் இல்லை, ஆனால் பொய்யும் இல்லை. அந்தக் கிண்ணத்தை விட்டு நகர அவருக்கு மனமில்லை. காந்தத்தை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் காட்டி மோதிரத்தைக் கிண்ணம் முழுக்கச் சுற்றவைத்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் நெருப்பு. காலையில் எல்லோரும் வெள்ளிக் கம்பியை வளைத்து, முனைகளுக்கு நடுவே, உருகி ஒட்டவைக்கும் பற்றாசுத் துண்டை வைத்துச் சூடு காட்டி ஒட்டினார்கள். ஒட்டியதும் தண்ணீரில் போட்டார்கள். ஸ்ஸ் என்ற சத்தம் அறையெல்லாம் கேட்டது. மெக்கானிக்கின் இணைப்பு எங்கே என்று டீச்சரே தேட வேண்டியிருந்தது. பல் டாக்டர் எழுந்து வந்து பார்த்துவிட்டு, பல் கட்டும் வேலைக்கு ஆள் தேவைப்படுவதாகச் சொன்னார்.

மதியம் மோதிரத்தின் முறை. இடைவெளியை நிரப்ப, மகள் ஜோடியில் ஒன்றைத் தொலைத்துவிட்டு மிச்சம் வைத்திருந்த தங்கக் காது வளையத்திலிருந்து ஒரு துண்டு எடுத்தார்கள். சிக்கல் கல்லில் இருந்தது. சூடு காட்டுமுன் கல்லைக் கழற்றுவதுதான் முறை. ஆனால் அதைப் பிடித்திருந்த கொக்கிகள் நூலாகத் தேய்ந்திருந்தன, நிமிர்த்தினால் உடையும். டீச்சர் கல்லின் மேல் சூடு தாங்கும் பசையைக் கனமாக அப்பினார். ஒட்டி முடித்ததும் நெருப்பை எடுத்துவிட்டு மோதிரத்தைச் செங்கல் மேல் அப்படியே விட்டுவிட வேண்டும் என்றார். "தானா ஆறட்டும் சார். எவ்வளவு நேரமானாலும் தொடாதீங்க." அவர் தலையாட்டினார். டீச்சர் அடுத்த மேசைக்குப் போனார்.

நெருப்பு சொன்னபடி கேட்டது. பற்றாசு மினுங்கி, ஓடி, இரண்டு பக்கமும் ஒரே நொடியில் ஒன்றாயிற்று. இத்தனை வருடத்தில் அவர் போட்ட எந்த இணைப்பையும்விட அது அழகு. செப்புக் குழாயை ஒட்டி முடித்ததும் மெக்கானிக்குகள் ஈரத் துணியால் அந்த இடத்தை ஒரு இழுப்பு இழுத்துத் துடைப்பார்கள். அழுக்கும் போகும், சூடும் தணியும். வலது கை நெருப்பை அணைக்கும்போதே இடது கை துணிக்குப் போய்விடும். அன்றும் போனது. காலையிலேயே அவர் ஒரு ஈரத் துணியை மடித்து மேசையின் இடது ஓரத்தில் வைத்திருந்தார். வைத்தது அவருக்கே நினைவில் இல்லை.

டிக் என்று ஒரு சத்தம். பெரிய சத்தம் இல்லை. பல் டாக்டர் தலையைத் தூக்கினார். உடைவது எப்படிச் சத்தம் போடும் என்று அவருக்குத் தெரியும்.

டீச்சர் பசையைக் கழுவிவிட்டுப் பார்த்தார். கல் விழவில்லை. ஆனால் ஓரத்திலிருந்து குறுக்காக ஒரு விரிசல் ஓடியிருந்தது. அவர் திட்டவில்லை. இணைப்பு ரொம்ப நல்லா வந்திருக்கு சார் என்று மட்டும் மெதுவாகச் சொன்னார். மெக்கானிக் துணியைப் பிழிந்து, உதறி, மடித்து, மறுபடியும் பிழிந்தார்.

வீட்டில் ஊசியக்கா ரப்பர் பந்தைப் பிசைந்துகொண்டு டிவி பார்த்துக்கொண்டிருந்தார். மணிக்கட்டுக்கு டாக்டர் சொன்ன பயிற்சி அது. மெக்கானிக் டிவியை அணைத்துவிட்டு மோதிரத்தை மேசைமேல் வைத்து, எடுத்தது முதல் துடைத்தது வரை எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொன்னார். ஊசியக்கா மோதிரத்தைப் போட்டுப் பார்த்தார். கச்சிதமாக ஏறியது. வெளிச்சத்தில் திருப்பினார்.

"ஊர்ல இருக்கிற வீட்டையெல்லாம் ஜில்லுனு வச்சவரு. இந்த ஒரு கல்லைச் சும்மா விட முடியலையா?"

"புதுசா ஒண்ணு வச்சிடலாம். நிஜ மாணிக்கமே வைக்கலாம். டீச்சர்கிட்ட..."

"கல்லு போனா போகுது." அவர் மோதிரத்தைக் கழற்றினார். "என் வாழ்க்கையில யாரையும் கேக்காம நானா வாங்கினது இது ஒண்ணுதான். புடவைன்னா எங்கம்மாவைக் கேட்டேன். வீட்டுக்கு உங்களைக் கேட்டேன். ஃபிரிட்ஜுக்குக்கூட உங்ககிட்டதான் கேட்டேன். இதைப் போய் நீங்க என்னைக் கேக்காம எடுத்துட்டுப் போயிருக்கீங்க."

ரப்பர் பந்து சோபாவிலிருந்து உருண்டு விழுந்தது. அதை எடுத்துக் கொடுக்கக்கூட மெக்கானிக்குக்குத் தயக்கமாக இருந்தது.

இரண்டு நாள் ஊசியக்கா தேவைக்கு மேல் பேசவில்லை. மூன்றாம் நாள் காலையில் மெக்கானிக் சமையலறை வாசலில் நின்று, டீ போடலாமா என்று கேட்டார். போடுங்க என்றார் ஊசியக்கா. சர்க்கரை டப்பாவைத் திறக்கலாமா? திறங்க. நேற்றைய பாலா, இன்றைய பாலா? அடுப்பை லைட்டரில் பற்றவைக்கட்டுமா, தீப்பெட்டியிலா? பேப்பரைப் படிக்கலாமா, இல்லை முதலில் நீ படிக்கிறாயா? ஊசியக்கா பொறுத்துப் பொறுத்துப் பார்த்தார்.

"மூச்சு விடுறதுக்கு மட்டும் கேக்காதீங்க. இல்லேன்னு சொல்லிடுவேன்."

சொல்லிவிட்டு அவரே சிரித்தார். அந்தச் சிரிப்பின் ஈரம் காய்வதற்குள் மெக்கானிக் உண்மையாகவே கேட்க வேண்டியதைக் கேட்டார்: மோதிரத்தை டீச்சரிடம் கொண்டுபோய்க் காட்டலாமா? ஊசியக்கா டீயைக் குடித்து முடித்து, தம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, நானும் வரேன் என்றார்.

மாடி அறையில் டீச்சர் உருப்பெருக்கியை நீட்டினார். ஊசியக்கா அதைக் கண்ணோடு ஒட்டி, இரண்டு கண்ணும் திறந்தபடி, கல்லை மெல்ல அருகே கொண்டுவந்தார். முன்பே பழக்கமா என்று டீச்சர் கேட்டதற்கு, மைக்ரோஸ்கோப் பார்த்தே பாதி ஆயுள் போயிற்று என்றார். வெகுநேரம் பார்த்தார். மெக்கானிக் அந்தப் பக்கம் பார்க்காமல் சுவரில் மாட்டியிருந்த இடுக்கிகளை எண்ணிக்கொண்டிருந்தார்.

டீச்சர் சொன்னது இது: விரிசல் நடுவில் இல்லை, ஒரு பக்கமாகத்தான் ஓடுகிறது. இப்படியே விட்டால் ஒருநாள் கதவில் இடித்து இரண்டாகும். ஆனால் விரிசலோடு இருக்கும் பகுதியைத் தேய்த்து எடுத்துவிட்டு, மிச்சத்துக்குப் புதிதாகப் பட்டை தீட்டலாம். கல் மூன்றில் இரண்டு பங்காகச் சிறுத்துவிடும். அதற்கேற்றபடி கல் உட்காரும் சின்னக் கூடு கட்டி மோதிரத்தில் வைக்கலாம். கல் வெட்டுவதற்கு இங்கேயே தனி வகுப்பு இருக்கிறது. இங்கே அவரவர் வேலையை அவரவரே செய்ய வேண்டும் என்பது விதி.

மெக்கானிக்கின் கை மோதிரத்தை நோக்கிப் பாதி தூரம் நீண்டுவிட்டது. பிறகு அதுவே நின்றுகொண்டது.

"நீ என்ன சொல்ற?" என்று மனைவியைக் கேட்டார்.

"சின்னதா இருந்தா என்ன? இதே கல்லுதான் வேணும்." ஊசியக்கா டீச்சரைப் பார்த்துத் திரும்பினார். "மணிக்கட்டு இன்னும் முழுசா வளையாதும்மா. பரவாயில்லையா?"

சக்கரம்தான் சுற்றும், கை அசையாமல் இருந்தால் போதும் என்றார் டீச்சர். அசையாமல் இருப்பதுதானே என் பிழைப்பே என்றார் ஊசியக்கா.

வகுப்பு வரும் சனிக்கிழமை. பதிவு ஊசியக்காவின் பெயரில் இருக்கிறது. பக்கத்தில் உட்காரலாமா என்று மெக்கானிக் கேட்டதற்கு, உட்காரலாம், தொடக் கூடாது என்று பதில் கிடைத்திருக்கிறது. அன்று காலை ஒன்பதரைக்கு இருவரும் வீட்டைப் பூட்டிக்கொண்டு கிளம்புகிறார்கள்.