கணப்பு வைத்த வீடு

அந்த வீட்டின் கணப்பு வெறும் அலங்காரம் என்றே எங்கள் வீட்டில் எல்லோரும் நம்பினோம். எழுபதுகளின் நடுவில், ஷார்ஜாவில், அப்பா ஒரு கட்டுமானக் கம்பெனியில் டிராஃப்ட்ஸ்மேனாக இருந்தார். அவருடைய ஆங்கிலேய மேலாளருக்குத் தம் நாட்டுக் கிராமத்து வீடு ஒன்று அந்த மணலில் வேண்டியிருந்தது. வெள்ளைச் சுவரில் கறுத்த மர உத்தரங்கள், கையகல ஜன்னல்கள், காங்கிரீட்டின்மேல் வேய்ந்த பேரீச்ச ஓலை, கூடத்தில் நெருப்பு மூட்டிக் குளிர்காய, ஓர் ஆள் உட்காரக்கூடிய அளவுக்கு அகன்ற கணப்பு. ஏசி இல்லாமல் தூங்க முடியாத ஊரில் கணப்பா என்று அம்மா சிரித்தாள்.

அதைக் கட்டியவர் பரமக்குடிப் பக்கத்துக் கொத்தனார் மாமா. வெள்ளிக்கிழமைகளில் தொழிலாளர் கேம்ப்பிலிருந்து எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வருவார்.

"எங்கூர்ல மாட்டுக் கொட்டாய்க்கே இதவிட உசரமா வாசல் வப்பாக, சார். குனிஞ்சு போறதுக்கா தொரை இம்புட்டுத் தூரம் வந்தாரு?"

"குனிஞ்சு போனாத்தான்யா அது காட்டேஜ்" என்பார் அப்பா.

ஆனால் புகைக்கூண்டு விஷயத்தில் மாமா விளையாட மாட்டார். காகிதத்தைக் கொளுத்திப் பிடித்து, புகை மேலே போவதைப் பார்த்த பிறகே மனம் ஆறினார். "அலங்காரமோ என்னமோ, நான் கட்டுனா இழுக்கணும்க்கா" என்று அம்மாவிடம் சொன்னார்.

பிறகு லீவில் ஊருக்குப் போனார். அவர் இல்லாத நாட்களில் மணற்காற்று புகைக்கூண்டு வழியே கூடத்தில் மணலைக் கொட்டியது. மேலாளர் எரிந்து விழுந்தார். அப்பா அதை உள்ளேயே சிமெண்ட் பலகை வைத்து அடைக்கச் சொன்னார். வெளியிலிருந்து பார்த்தால் எதுவும் மாறவில்லை. திரும்பி வந்தவரிடம் அதைச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை. அலங்காரத்தை அடைத்ததில் சொல்ல என்ன இருக்கிறது?

குளிர் நடுக்கிய அந்த ஜனவரி மழையில் கேம்ப்பில் தண்ணீர் புகுந்தது. சாவி இன்னும் ஒப்படைக்காத அந்த வீட்டில் போய்ப் படுத்துக்கொள்ளுமாறு மாமாவையும் அவருடைய ரூம் கூட்டாளியையும் அனுப்பியவரும் அப்பாதான். மறுநாள் காலை சைட்டிலிருந்து ஒருவர் ஓடிவந்தார். "சார், கொத்தனாரு எந்திரிக்க மாட்டேங்குறாரு." அப்பா ஒற்றைச் செருப்போடு ஓடினார்.

கணப்பில் கரி முழுக்கச் சாம்பலாகியிருந்தது. விறகாக இருந்திருந்தால் புகை சூழ்ந்து, இருமவைத்து எழுப்பியிருக்கும்; கரியின் நச்சுக்காற்று கண்ணுக்கும் தெரியாது, மூக்குக்கும் தெரியாது. துரை வீட்டுச் சுவர் கறுத்துவிடக் கூடாதென்று மாமா கரியைப் போட்டிருந்தார். தம் கையால் கட்டிய புகைக்கூண்டு இழுக்கும் என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. கூட்டாளி வாசலோரம் படுத்திருந்ததால், கதவிடுக்கில் வந்த காற்று அவரை மட்டும் பிழைக்கவைத்தது.

பின்னாளில் அத்தகைய வீடுகளைப் பற்றி நிறையப் படித்தேன். தாழ்ந்த உத்தரமும், சிறு ஜன்னலும், தடித்த சுவரும் அழகுக்காக வந்தவை அல்ல. கணப்பின் சூடு வெளியே போய்விடாமல் பிடித்துவைக்க அந்நாட்டு ஏழைகள் கண்ட வழிகள் அவை. அவற்றையெல்லாம் அப்பா அளவு பிசகாமல் வரைந்திருந்தார். அந்த வீட்டில் எல்லாமே நெருப்புக்காக இருந்தன; நெருப்பை மட்டும் நாங்கள் யாரும் நம்பவில்லை.

அந்தக் கோடையில் அப்பா பரமக்குடிக்குப் போய், மாமாவின் மனைவியிடம் நடந்ததைத் தாமே சொன்னார். நானும் உடனிருந்தேன்.

"அடச்சது அவுகளுக்குத் தெரியாதா, சார்?"

"தெரியாதும்மா."



அப்பாவும் அம்மாவும் இப்போது இல்லை. அன்று அப்பா சொன்னதைக் கேட்டவர்களில் அந்த அத்தை இருக்கிறார். நான் இருக்கிறேன்.