பத்து எண்ணும் வரை ஆடாமல்

போன சனிக்கிழமை ஒருவர் என் பிடரியில் இரும்புக் கவட்டை ஒன்றை மாட்டி, "இனி ஆடுனீங்க, போச்சு!" என்று மிரட்டினார். போலீஸ் ஸ்டேஷனில் இல்லை... போட்டோ ஸ்டூடியோவில்!

என் சம்சாரத்தின் அண்ணன் கொழும்புக்குப் புறப்பட்டார். அங்கே ஒரு கடையில் வேலை. சாயங்காலம் ரயில், தனுஷ்கோடியில் கப்பல். திரும்பி வர வருஷக்கணக்காகலாம். அதனால் மூன்று பேரும் சேர்ந்து ஒரு போட்டோ எடுத்தே ஆகவேண்டும் என்று அவள் ஒற்றைக்காலில் நின்றாள். "படம் எடுத்தா ஆயுசு குறையும்" என்று தெருவே பயமுறுத்தியது. அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

காரணம் உண்டு. அவள் அப்பாவும் இப்படித்தான் கொழும்புக்குப் போனார். அங்கேயே காலமாகிவிட்டார். வீட்டில் அவர் படம் ஒன்றுகூடக் கிடையாது. "எங்கய்யா முகம் எனக்கு மறந்தே போச்சுங்க" என்று அவள் அடிக்கடி சொல்வாள்.

சரி, ஒரு போட்டோவுக்கு உட்காருவதில் எனக்கென்ன கஷ்டம் என்கிறீர்களா? இருக்கிறது, ஐயா! நான் மிஷன் ஸ்கூல் வாத்தியார். மணி அடித்தால் ஒரு கிளாஸுக்கு ஓட்டம், மறுபடி அடித்தால் இன்னொரு கிளாஸுக்கு ஓட்டம். ஞாயிற்றுக்கிழமைகூடக் கால் தானாக ஆடும். மோர் சாதம் இலைக்கு வருவதற்குள் நான் கை கழுவப் போய்விடுகிறேன் என்று வீட்டில் நிரந்தரப் புகார். "சும்மா இருங்கடா!" என்று பையன்களைப் பார்த்து நாளெல்லாம் கத்துகிறேனே... நான் என்றைக்காவது சும்மா இருந்திருக்கிறேனா?

கீழவாசல் பக்கம் ஒரு மாடியில் காதர் பாயின் ஸ்டூடியோ. கூரையில் கண்ணாடி பதித்திருக்கும். வெயில்தான் அங்கே விளக்கு. அன்றைக்கென்று பார்த்து வெயிலைக் காணோம். மதுரையில் வெயில் இல்லை என்றால் நம்புவீர்களா? என்னைச் சோதிப்பதற்கென்றே மேகம் மூடியிருந்தது.

"வெளிச்சம் மட்டா இருக்கு சார். கேமரா மூடியத் தொறந்தா பத்து எண்ணித்தான் மூடுவேன். மூச்சு விடலாம். ஆடக்கூடாது" என்றார் பாய்.

மச்சானும் நானும் ஆளுக்கொரு நாற்காலியில். அவள் எங்களுக்கு நடுவே, பின்னால் நின்றாள். பாய் எண்ண ஆரம்பித்தார். நாலு வரைக்கும் பொறுத்தேன். ஆறு என்றபோது, ரயிலுக்கு நேரமாகிவிட்டதோ என்று ஒரு சம்சயம். சட்டைப்பையிலிருந்து கடிகாரத்தை எடுத்துப் பார்த்தேன். லேசாகத்தான் குனிந்தேன்!

பாய் இருட்டறைக்குள் போய், ஈரம் சொட்டும் கண்ணாடி பிளேட்டோடு வந்தார். "அண்ணனும் தங்கச்சியும் அருமையா விழுந்திருக்காங்க. சார் இருந்த எடத்துலதான்... ரெண்டு மூக்கு இருக்கு, முகத்தைக் காணோம்."

மச்சான் விழுந்து விழுந்து சிரித்தார். "விடு தாயி, நாம நல்லாத்தான இருக்கோம்? இதுவே போதும்."

போதுமா? புருஷன் முகமில்லாமல் உட்கார்ந்திருக்கிற படத்தை எந்த வீட்டில் ஆணி அடித்து மாட்டுவார்கள்? "அபசகுனம்ண்ணே. அத ஒடச்சுருங்க பாய்" என்றாள் அவள்.

பாய் தாடியைத் தடவினார். "சீமையில சண்டை வந்ததுலருந்து அங்கருந்து சரக்கு வரலம்மா. இன்னும் ஒரே ஒரு பிளேட்டுதான் கெடக்கு. சார் எந்திரிச்சுக்கிட்டா உங்க ரெண்டு பேரையும் எடுத்துருவேன்."

அருமையான யோசனை! நான் துள்ளி எழுந்தேன்.

"உக்காருங்க" என்றாள். "எங்கண்ணன் அக்கரையில தனியா உக்காந்து பாக்கப்போற படம். அதுல என் குடும்பம் முழுசா இருக்கணும். மொதல்ல அதக் குடுங்க." கடிகாரத்தை வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டாள்.

அப்புறம்தான் இரும்புக் கவட்டை வந்தது. "சின்னப் பிள்ளைகளுக்காக வச்சிருக்கது. சார் கோவிச்சுக்கக்கூடாது" என்றார் பாய். கோபிக்கிற நிலையிலா இருந்தேன்?

"ஒண்ணு..." மூக்கு அரித்தது. "ரெண்டு..." காது அரித்தது. "மூணு..." மூக்குக்கும் காதுக்கும் நடுவில் எவ்வளவு இடம் இருக்கிறதோ அவ்வளவும் அரித்தது.

அதற்கப்புறம் என்னவோ அடங்கிவிட்டது. கூரைமேல் குருவிகள் தத்துகிற சத்தம் கேட்டது. மச்சான் மூச்சு விடுவது கேட்டது. பின்னால் அவள் இடுப்பில் என் கடிகாரம் டிக் டிக் என்று அடித்துக்கொண்டிருந்தது. "ஆறு" என்று பாய் சொன்னபோது என் தோளில் சூடாக ஒரு சொட்டு விழுந்தது.

அவள் அழுகிறாள். சத்தமில்லாமல், ஆடாமல், படம் கலைந்துவிடக்கூடாதே என்று நின்றபடியே அழுகிறாள்.

திரும்பிப் பார்க்கத் துடித்தேன். திரும்பினால் படம் போச்சு. ஆறிலிருந்து பத்துக்கு அம்புட்டு தூரமா? இத்தனை வருஷத்தில் என் முதுகுக்குப் பின்னால் இவள் எத்தனை தடவை இப்படி அழுதிருப்பாளோ! நான்தான் செருப்பை மாட்டிக்கொண்டு தெருமுனை தாண்டியிருப்பேனே. வெட்கமாக இருந்தது. நான் ஆடவில்லை.

இவ்வளவு பதறினேனே... ரயில் என்ன செய்தது தெரியுமா? அரைமணி லேட்! பிளாட்பாரத்து பெஞ்சில் மூன்று பேரும் சும்மா உட்கார்ந்திருந்தோம். மச்சான் என்னை ஓரக்கண்ணால் பார்த்தார். "என்ன மாப்ள, இன்னும் கடிகாரத்தக் கேக்கலயா?" அது அவள் இடுப்பிலேயே இருந்தது. எனக்கு ஞாபகமே இல்லை.

நம் ஊரில் ஒருவனைத் திட்டவேண்டுமென்றால் "சும்மா உட்கார்ந்திருக்கிறான்" என்றால் போதும். திட்டுகிறவர்களைக் கேட்கிறேன்: நீங்கள் ஒருநாள் உட்கார்ந்துதான் பாருங்களேன்? கவட்டை வேண்டுமானால் பாயிடம் இரவல் கிடைக்கும்.

நேற்று போட்டோ வந்தது, கொழும்புக்கு அனுப்ப ஒரு பிரதி, வீட்டுக்கு ஒன்று. அண்ணன் முகத்தை விரலால் தடவித் தடவிப் பார்த்தாள். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அப்புறம் படத்தில் என்னைப் பார்த்தாள். நிமிர்ந்து, எதிரே நின்ற என்னையும் பார்த்தாள்.

"என்னங்க... உங்க முகம் இப்படித்தான் இருக்குமா? இம்புட்டு வருஷத்துல நான் சரியாப் பாத்ததே இல்லயே!"

பதில் சொல்ல வாயைத் திறந்தேன்.

"ஆடாதீங்க" என்றாள். "இன்னும் பாத்து முடிக்கல."