பல்லைப் பார்த்துக் கொடுத்த சம்சுதீன் காக்கா

சென்ற வெள்ளிக்கிழமை கிரானில் என் வயலுக்கு மருந்தடித்துக்கொண்டிருந்தபோது, காத்தான்குடியிலிருந்து சம்சுதீன் காக்காவின் மருமகன் அழைத்தார். மாமா மௌத்தாகிவிட்டார், அஸர் தொழுகைக்குப் பிறகு அடக்கம் என்றார். மருந்துத் தாங்கியை வரப்பில் வைத்துவிட்டுப் புறப்பட்டேன்.

அடக்கத்துக்கு மையவாடியில் நின்றவர்கள் அவரைப் புடவைக் கடைக்காரராக அறிந்தவர்கள். கண் மங்கியதால் வெளிநாட்டு வேலையிலிருந்து அனுப்பிவிட்டார்களாம் என்று ஒருவர் இன்னொருவருக்குச் சொன்னார். அங்கேயும் நான் வாய் திறக்கவில்லை. அவரை அறிந்த உங்களிடம் இப்போதாவது சொல்கிறேன். காக்காவின் கண்ணில் ஒரு குறையும் இருக்கவில்லை.

வளைகுடா நாடொன்றின் இராணுவக் களஞ்சியத்தில் அவர் ஸ்டோர்கீப்பர், நான் அவருக்கு உதவியாள். ஒரே அறை, ஒரே சமையல். நான் மீன் வெட்டும் அழகைப் பார்த்து, "வயல் வட்டைக்காரன் மீனையும் கதிரறுக்கிற மாதிரித்தான் அறுப்பான்" என்று சிரிப்பார்.

ஒரு வருடம் அந்த இராணுவம், தன்னிடம் மிஞ்சிக் கிடந்த ஏவுகணைகளை வேறொரு நாட்டின் போர்முனைக்குக் கொடுக்க முடிவுசெய்தது. தோளில் வைத்து விமானத்தைச் சுட்டு வீழ்த்தும் வகை அவை. ஒவ்வொரு பெட்டியிலும் சிறு கண்ணாடி வட்டம் இருக்கும். ஈரம் புகாதவரை அது நீலம், புகுந்துவிட்டால் இளஞ்சிவப்பு. ஈரம் புகுந்தது சுடும் நேரத்தில் வேலை செய்யும் என்று நம்ப முடியாது. ஓர் அடுக்கு முழுவதும் இளஞ்சிவப்பாக நின்றது. காக்கா அதை அனுப்பும் பட்டியலிலிருந்து விலக்கினார். சும்மா கொடுப்பதுதானே, சேர்த்துக் கையெழுத்திடு என்றார் மேலாளர். காக்கா மறுத்துவிட்டார்.

எனக்குப் பயம் பிடித்தது. வேலை போனால் ஊரில் தங்கையின் கல்யாணம் நின்றுவிடும். "தானம் குடுத்த மாட்டப் பல்லுப் புடிச்சிப் பாக்கிறதா காக்கா? போட்டிடுங்க" என்றேன்.

"பல்லுப் பாக்கப்படாதது வாங்குறவன், தம்பி. குடுக்குறவன் பாத்துத்தான் குடுக்கணும். மேல விமானம் வரக்குள்ள அவன் இத நம்பித்தானே எழும்பி நிப்பான்."

அந்த வாரமே பார்வைக் குறைவு என்று எழுதி அவரை ஊருக்கு அனுப்பினார்கள். அதே பட்டியல் என் முன்னால் வந்தது. நான் கையெழுத்திட்டேன். பெட்டிகள் போயின. என் வேலை இன்னும் மூன்று வருடம் நீடித்தது, தங்கையின் கல்யாணமும் நன்றாகவே நடந்தது.

ஊர் திரும்பியதும் அவர் கடைக்குப் போனேன். நோன்பு காலம். ஏழைகளுக்குக் கொடுப்பதற்கென்றே மட்டமான சாறன் கட்டுகளை வைத்து விற்பது பல கடைகளில் வழக்கம். அப்படியொரு கட்டுக் கேட்டு வந்தவரிடம், தான் உடுத்தியிருந்த ரகத்தையே எடுத்துக் காட்டி, இதுதான் இருக்கிறது என்றார். வந்தவர் முகத்தைச் சுளித்துக்கொண்டு போனார். கடை வெறுமையானதும் நான் கையெழுத்திட்டதைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். நீதான் போட்டிருப்பாய் என்று தெரியும் என்றார். குரலில் கோபமில்லை, அதுதான் சுட்டது.

"என்னட்டக் கேக்காத தம்பி. எனக்கு நீ ஒண்டும் செய்யல்ல. அந்தப் பெட்டியத் திறந்தவன்தான் மன்னிக்கணும்."

அதன்பிறகு அதைப்பற்றி அவர் ஒரு வார்த்தை பேசியதில்லை. தன் கண்ணைப் பற்றி ஊர் பேசியதையும் மறுத்ததில்லை. மறுத்திருந்தால் என் பெயர் வந்திருக்கும்.

பெட்டியைத் திறந்தவன் என்ன மொழி பேசுவான், வீட்டில் அவனுக்கு யார் இருக்கிறார்கள், எதுவும் எனக்குத் தெரியாது. காக்கா என்னிடம் விட்டுப்போனது அவனைத்தான். விமானம் வந்தபோது அவன் எழும்பி நின்றிருப்பான். அதற்கப்பால் என்ன நடந்தது என்று கேட்க எனக்கு ஆளில்லை.