கறுப்புத் துணிக்குள் நின்ற மூன்றாவது மீன்

இன்று சந்தித்தது யாரைத் தெரியுமா? சந்துக்குள் ஒற்றை அறையில் பழைய துணிகளைச் சரிசெய்து தரும் தையல்கார அக்காவை! ஜிப் மாற்றவும் கால்சட்டை நீளம் குறைக்கவும் வருகிறவர்கள் வேலை முடிந்த பிறகும் அங்கிருந்து நகர்வதில்லை. மெஷினுக்குப் பக்கத்தில் இருக்கிற நாலடி மீன்தொட்டிதான் காரணம்.

அதில் இருப்பது ஒரே ஜோடி. உள்ளங்கை அகல உடம்பு, கரும்பழுப்பு நிறம், மேலே நீலப் பொட்டுகளை வாரி இறைத்ததுபோல இருக்கும் சிக்ளிட் மீன்கள். ஆண் பெயர் மாப்பிள்ளை, பெண் பெயர் பொண்ணு. நாலு வருஷமாகச் சேர்ந்து முட்டையிட்டுக் குஞ்சு வளர்த்தவை.

அப்படிப்பட்ட மாப்பிள்ளை ஒரு சாயங்காலம் பொண்ணைக் குதறிவிட்டது. அக்கா ஒரு பையில் ஜிப் தைத்து முடித்துவிட்டு நிமிர்ந்தபோது, பாதி வாலைக் காணோம். ஒரு பக்கச் செதில் உரிந்து, பொண்ணு மேல்மட்டத்தில் சாய்ந்து மிதந்துகொண்டிருந்தது. அள்ளி வாளியில் விட்டு, கல் உப்பு போட்டு, காற்றுக்குழாய் செருகி மூன்று வாரம் பார்த்துக்கொண்டார். அதுவரை தொட்டி விளக்கைப் போடவே இல்லை. வால் மெல்ல வளர்ந்தது.

மீன்கடைக்காரர் வந்து பார்த்துத் தலையை ஆட்டினார். "இவன் இனிமே அடங்க மாட்டான்க்கா. எங்கிட்ட குடுத்துடுங்க. மறுபடி சேர்த்து அடிச்சான்னா பொண்ணு பொழைக்காது."

அக்காவின் வீட்டுக்காரர் பஸ் ஓட்டுகிறவர். அவரும் விடவில்லை. "பேசாம விவாகரத்து வாங்கிக் குடுத்துடு. ஜீவனாம்சம் நான் போடுறேன், தினம் நாலு புழு."

"உங்களுக்குக் கிண்டலா இருக்கு. நாலு வருஷம் ஒழுங்கா குடித்தனம் நடத்தினவனுக்கு ஒரே நாள்ல என்ன ஆச்சு? அது தெரியாம எப்படிங்க அனுப்புறது?"

இன்னொரு முறை சேர்த்துப் பார்ப்பது என்று அக்கா முடிவு செய்தார். மாப்பிள்ளையை இன்னொரு வாளிக்கு மாற்றினார். பழைய எல்லை அதற்கு அடையாளம் தெரியக் கூடாது என்று கற்களைக் கலைத்து அடுக்கினார், மணலைக் கிளறினார். தொட்டியின் நடுவே, ஓட்டை ஓட்டையான பிளாஸ்டிக் தட்டியை அங்குலம் பிசகாமல் வெட்டிச் செருகினார். முதலில் பொண்ணு போய் ஒரு பாதியில் குடியேறியது. மறுநாள் மாப்பிள்ளை மறுபாதிக்குப் போனது.

பொண்ணைப் பார்த்துப் பாயும் என்று எதிர்பார்த்தால், மாப்பிள்ளை அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. சாயங்காலம் தொட்டி விளக்கைப் போட்டதும் பின்பக்கச் சுவரை நோக்கி நின்றது. வெறும் கறுப்புச் சுவர். செவுளை விரித்து, வாயைப் பிளந்து, அசையாமல் நின்றது. பிறகு மோதியது. டொக். மறுபடி டொக். மெஷினை நிறுத்தினால் அறை முழுக்க அந்தச் சத்தம் மட்டும்தான் கேட்டது.

வீட்டுக்காரருக்கு இப்போது சிரிப்பு வரவில்லை. "ஏம்மா, உள்ள யாரோ இருக்கிற மாதிரியே பார்க்குது."

"சும்மா பயமுறுத்தாதீங்க."

சொன்னாரே தவிர, அக்காவுக்கும் முதுகு சில்லிட்டது. மூன்றாம் நாள், ஓரம் மடிக்கக் குத்த வேண்டிய குண்டூசிகளை உதட்டில் கவ்வியபடியே தொட்டிப் பக்கத்தில் மண்டியிட்டார். தலையைச் சாய்த்து, மாப்பிள்ளையின் கண் மட்டத்திலிருந்து அந்தக் கறுப்பைப் பார்த்தார்.

அங்கே இன்னொரு மீன் நின்றது. அதே அளவு, அதே பிளந்த வாய். அதற்குப் பின்னால், இருட்டுக்குள், பல்லெல்லாம் ஊசியாக ஒரு பெண் முகம் அவரையே முறைத்தது.

அது தன் முகம்தான் என்று உறைக்க ஒரு கணம் ஆனது.

கறுப்பு லைனிங் துணி! பொண்ணுக்கு அடி விழுவதற்கு இரண்டு நாள் முன்பு, தொட்டியின் பின்கண்ணாடிக்கு வெளியே அவரே ஒட்டியது. மங்கலாகத் தெரிகிற பூவேலைக்கு அடியில் கறுப்புக் கொடுத்தால் நிறம் தூக்கலாகத் தெரியும் என்பது தையல்காரர் கணக்கு. மீனுக்கும் அதையே செய்திருந்தார். விளக்கெரிந்ததும் பின்கண்ணாடி முகம் பார்க்கும் கண்ணாடி ஆகிவிட்டது. அடித்தாலும் ஓடாத, ஒரு அடிகூடப் பின்வாங்காத எதிரி. அந்த வெறி முழுக்கப் பக்கத்தில் இருந்த பொண்ணின் மேல் இறங்கியிருக்கிறது.

"நான்தாங்க அவளை அடிக்க வெச்சிருக்கேன்." அக்கா துணியைக் கிழித்தெடுத்தார்.

நாலு நாள் கழித்துத் தட்டியை உருவினார். கையில் வலை தயார். மாப்பிள்ளை மெதுவாகப் பொண்ணைச் சுற்றியது. பொண்ணு ஓடவில்லை. திடீரென்று இரண்டும் வாயோடு வாய் கவ்விக்கொண்டன.

"கடிக்குது! பிரிச்சு விடு!" வீட்டுக்காரர் கத்தினார்.

"பொறுங்க... ஒண்ணுக்கொண்ணு பலம் பார்க்குதுங்க."

முறுக்கி இழுத்து, மணலில் புரண்டு, சட்டென்று விட்டன. பொண்ணு உடம்பைச் சிலிர்த்தது. பக்கத்தில் மாப்பிள்ளையும் சிலிர்த்தது. மறுபடி ஜோடி சேரச் சம்மதம் என்று அர்த்தம். அக்கா வலையைக் கீழே போட்டுவிட்டு அழுதாராம்.

பத்தாம் நாள் தட்டைக்கல்லில் முட்டைகள். இப்போது குஞ்சுகள் புகைமாதிரி திரண்டு நீந்துகின்றன. கிட்டே குனிந்தால் பெற்றவர்கள் இரண்டு பேரும் தோளோடு தோள் முன்னால் வந்து, செவுளை விரித்து, கண் இமைக்காமல் நம்மையே பார்க்கிறார்கள். நாம் நகர்ந்தால் அவர்களும் கூடவே நகர்கிறார்கள். கதவைத் தாண்டும்வரை அந்தப் பார்வை முதுகில் இருக்கிறது.

கிழிந்த பை ஏதாவது வீட்டில் இருந்தால் எடுத்துக்கொண்டு ஒரு நடை போய்ப் பாருங்கள். அடிபட்ட மீனை வாளியில் வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் இருப்பவர் யாரையாவது தெரியுமா? அவருக்கு இதை உடனே அனுப்பிவிடுங்கள், ப்ளீஸ்!